இடது காலுக்கு வேலையில்லை

வீடு அவளுக்கு என்றது கோர்ட்.
ஆடுகளை எண்ணிப் பங்கிட்டது,
ஒற்றையாய் மிஞ்சிய கிடாவை
விற்றுக் காசாக்கச் சொன்னது.
டெலிக்கா வண்டியை மட்டும்
இரண்டாய் அறுக்க வழி தெரியாமல்
ஒரு கோடை லமாராவுக்கு, மறு கோடை எலிஸ்பாருக்கு
என்று எழுதி ஃபைலை மூடிவிட்டது.

அன்றிலிருந்து மே மாதம் எனக்குப் பிழைப்பு.

அபானோ கணவாயில் பனி வெட்டும் இயந்திரம்
பாதி மலைகூட ஏறியிருக்காது,
அல்வானியில் என் கொட்டகை வாசலில்
வண்டி வந்து நிற்கும்.
அவள் வருஷமென்றால் ஆட்டோமேட்டிக்.
அவன் வருஷமென்றால் ஐந்து கியர்.
முறை வராத பெட்டி
தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும்,
மேலே பூனை.

அவன் கட்சி இது:
இறக்கத்தில் இரண்டாம் கியர் போட்டால்
இன்ஜினே பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொள்ளும்.
பிரேக்கை நம்பி இறங்குகிறவன்
கருகல் வாசனையோடுதான் வீடு சேர்வான்,
சேர்ந்தால்.

அவள் கட்சி:
கொண்டை ஊசி வளைவு, ஈரக் கல்,
பின்சீட்டில் கண்ணை இறுக மூடிய ஜெர்மன்காரர் இருவர்,
கியருக்கு ஒரு கை, கிளட்சுக்கு ஒரு கால்,
ஸ்டீயரிங்குக்கு மிச்சம் இருப்பது.
எனக்கென்ன பத்துக் கையா?

இரண்டு கட்சிக்கும் தலையாட்டினேன்.
தலையாட்டலுக்குக் கூலி கிடையாது.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தால்
வானம் ஒரு முழ அகலம், துருப்பிடித்தது.
ஷாஃப்டை இறக்குவேன்.
போல்ட்டுகள் தயிர் டப்பாவில்.
ஆட்டோமேட்டிக் எண்ணெய் மாதுளைச் சாறுபோல் சிவந்து வடியும்,
கியர் எண்ணெய்க்கு அழுகிய முட்டை வாடை.
ஷாஃப்ட் இரண்டு, நீளம் வேறு வேறு,
ஒருமுறை மாற்றி மாட்டிவிட்டு
யாரிடமும் சொல்லவில்லை.
கிளட்ச் பைப் நுழைகிற ஓட்டைக்கு
எண்ணெய் டின்னை வெட்டி ஒரு மூடி செய்திருக்கிறேன்:
அதில் அச்சடித்த பாதிச் சூரியகாந்தி
அவள் வருஷங்களில் மட்டும் பூக்கும்.

இந்த மே அவன் முறை.
கேட்காமலே கழற்றினேன்.
சிவப்பு எண்ணெய் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தபோது
வாசலில் எலிஸ்பாரின் பூட்ஸ் தெரிந்தது.
"கழற்றிட்டியா?"
"பாதி."
"திரும்ப மாட்டு."
"எதை?"
"கழற்றினதையே."

முப்பத்தெட்டு வருஷம் ஸ்பானர் பிடித்தவன் நான்,
ஏன் என்று கேட்பது தொழிலுக்கு ஆகாது.
கேட்காமல் புது எண்ணெய் ஊற்றினேன்.
ஊற்றி முடிக்கும்வரை அவன்
பூனையைப் பார்த்துப் பேசினான்.

போன அக்டோபர், முதல் பனி,
ஓமாலோவிலிருந்து இறங்க வேறு வண்டியில்லை.
அவளோடு ஏறினேன், முன்சீட்டு.
ஐந்து மணி நேரம்.
அவளும் பேசவில்லை, நானும்.
மலைச் சுவர் அலுத்துப்போய்க் கீழே பார்த்தேன்.
அவளுடைய இடது கால்
சும்மா இருந்தது.
செருப்பைக்கூட உதறிவிட்டு, சாக்ஸோடு,
மிதியடி மேல் மடங்கி, சும்மா.

பதினோரு வருஷம் ஒரே கூரை,
அவளில் ஏதொன்றும்
சும்மா இருந்து நான் பார்த்ததேயில்லை.

பூனை எழுந்து போய்விட்டது.
கூலியை எண்ணி வைத்தான்,
பெட்டி மாற்றினால் கொடுக்கும் அதே தொகை.
நானும் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பினான்.
கேட் தாண்டுவதற்குள் இரண்டு தடவை
இல்லாத கிளட்சைத் தேடிய கால்
பிரேக்கை ஓங்கி மிதிக்க,
வண்டி முட்டுக்கால் போட்டு நின்றது.
எதிர்வீட்டு நாய் முதல்முறை குரைத்தது.
இரண்டாம் முறை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.
மூன்றாவது முறை நிற்கவில்லை,
வளைவில் மறைகிற வரைக்கும்
அந்தக் காலை அவன் எங்கே வைத்திருப்பான் என்று
நானும் கொஞ்சம் யோசித்தேன்.

அடுத்த மே லமாராவின் முறை.
அவள் வாயில் என்ன வருமோ தெரியாது.
எதற்கும் இருக்கட்டும் என்று
ஐந்து கியர் பெட்டியை டீசல் துணியால் துடைத்து
பழையபடி மூடினேன்.
பூனை வந்து, வாசனை பிடிக்காமல்,
வேறு இடம் பார்க்கப் போனது.